நாலரைக் கட்டையில் ஹைஹாட்

பாடகரிடம் "உங்கள் சுருதி என்ன?" என்று கேட்டால் "அஞ்சு கட்டை" என்பார், "ஒண்ணரை" என்பார். ஆர்மோனியத்தின் கட்டைகளை எண்ணிப் பழகியதில் வந்த வழக்கு அது. ஒரு கட்டை என்றால் மேற்கத்திய இசையில் சி. இரண்டு கட்டை என்றால் டி. நாலரை என்றால் எஃப் ஷார்ப். கட்டை என்று சொன்னாலே நம் காதில் சுருதி என்றுதான் விழும்.

கீபோர்டைக் கணினியில் இணைத்து டிரம்ஸுக்கு நோட்டேஷன் எழுத உட்காருகிறவர் முதலில் ஒதுக்கி வைக்க வேண்டிய பழக்கம் இதுதான். அங்கே ஒரு கட்டை பேஸ் டிரம். இரண்டு கட்டை ஸ்னேர். நாலரைக் கட்டை மூடிய ஹைஹாட். அரைச்சுரம் மேலே போனால் சுருதி ஏறாது, வாத்தியமே மாறிவிடும். இந்த ஒரு விஷயம் மனத்தில் படிந்துவிட்டால், டிரம்ஸ் நோட்டேஷன் எழுதுவதில் வரும் குழப்பம் முக்கால்வாசி தீர்ந்துவிடும்.

விசில் ஊதிய ஸ்னேர்

டிரம்ஸ் தேர்வுக்குப் படிக்கும் மாணவர் ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். பியானோவும் கொஞ்சம் கற்றவர். ஆசிரியர் கொடுத்த தாளில் ஐந்து கோடுகள். அவற்றில் கீழிருந்து மூன்றாவது இடைவெளியில் ஸ்னேர். பியானோ படிப்பில் அந்த இடம் நடு சி-க்கு ஒரு ஸ்தாயி மேலே உள்ள சி. கணினியில் டிரம்ஸ் வரிசை ஒன்றைத் திறக்கிறார், அந்தச் சி-யை அழுத்துகிறார். விசில் சத்தம் கேட்கிறது. பேஸ் டிரம் கீழிருந்து முதல் இடைவெளியில் இருக்கிறதே என்று எஃப்-ஐ அழுத்துகிறார். டிம்பாலே என்ற லத்தீன் அமெரிக்க முரசு ஒலிக்கிறது. ஹைஹாட் ஐந்தாம் கோட்டுக்கு மேலே, அதாவது ஜி. அழுத்தினால் குயிக்கா என்ற பிரேசில் நாட்டு வாத்தியம் முனகுகிறது. மென்பொருளின் பட்டியலில் இந்த ஒலிகள் இல்லையென்றால் ஒன்றுமே நடக்காது.

கீபோர்டு பழுது, மென்பொருள் பழுது என்று அவர் நினைக்கலாம். எதிலும் பழுதில்லை. அவர் கையில் இருந்தது தாளின் முகவரி. இயந்திரம் எதிர்பார்த்தது ஒலியின் முகவரி.

பியானோவில் கை தொடும் கட்டை, காது கேட்கும் சுரம், தாளில் புள்ளி விழும் இடம் மூன்றும் ஒன்றோடொன்று பூட்டியவை. ஒன்றைச் சொன்னால் மற்ற இரண்டும் தானாக வரும். டிரம்ஸில் அந்தப் பூட்டு கிடையாது. எந்தக் கட்டை, எந்த ஒலி, தாளில் எந்த இடம் என்று மூன்று தனித்தனிக் கேள்விகள். மூன்றுக்கும் விடை எழுதிவைத்த அட்டவணை ஒன்று மென்பொருளுக்குள் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குகிறவர் பிழைத்தார்.

கம்பியில் போகும் மூன்று எண்கள்

கட்டையை அழுத்தியதும் கம்பி வழியே கணினிக்கு ஒலி போவதாகப் பலர் நினைக்கிறார்கள். கீபோர்டும் கணினியும் பேசிக்கொள்ளும் மிடி என்ற மொழி ஒலியை அனுப்புவதே இல்லை. கைச் செயல் பற்றிய தகவலை மட்டும் அனுப்புகிறது. ஒரு தட்டுக்கு மூன்று எண்கள்: 144, 38, 100 என்பதுபோல.

முதல் எண், இந்த வழித்தடத்தில் ஒரு கட்டை அழுந்தியது என்கிறது. இரண்டாவது, எந்தக் கட்டை என்கிறது. 0 முதல் 127 வரை, நடு சி-க்கு 60. மூன்றாவது, எவ்வளவு வேகமாக அழுந்தியது என்கிறது. 1 முதல் 127 வரை. வேகத்தை அளக்கும் விதம் எளிமையானது. பொதுவாகக் கட்டைக்கு அடியில் இரண்டு மின்தொடர்புகள் இருக்கும். கட்டை இறங்கும்போது ஒன்று முதலில் மூடும், மற்றது சற்றுப் பின்னால் மூடும். இரண்டுக்கும் நடுவே கழிந்த நேரம் எவ்வளவு குறைவோ, அடி அவ்வளவு வேகம். மேடையில் குச்சியால் தட்டும் ரிதம் பேடில் இதற்குப் பதிலாக, அதிர்வை மின்னழுத்தமாக மாற்றும் உணரி இருக்கும்.

இப்போது முதல் எண்ணைக் கவனியுங்கள். மிடியில் 16 வழித்தடங்கள். இயந்திரம் அவற்றை 0 முதல் எண்ணுவதால் முதல் வழித்தடத்துக்கு 144, பத்தாவதற்கு 153. முதல் வழித்தடத்தில் பியானோ இருக்கிறது என்றால் 144, 38, 100 என்பது கீழ் ஸ்தாயி டி. அதே தகவல் 153, 38, 100 என்று பத்தாம் வழித்தடத்தில் போனால் ஸ்னேர். 38 என்ற எண்ணுக்குச் சொந்தமாக ஒரு சுரமும் இல்லை, முரசும் இல்லை. படிக்கிற இடம் பொருள் கொடுக்கிறது. நோட்டேஷன் மென்பொருளில் நீங்கள் தேர்ந்தெடுத்த வரிசைதான் அந்த இடம்.

மிடிக் கம்பியின் வேகம் விநாடிக்கு 31,250 பிட். ஓர் எண்ணுக்குத் தொடக்கக் குறி, முடிவுக் குறி உட்பட 10 பிட். ஆக ஓர் எண்ணுக்கு 320 மைக்ரோ விநாடி, மூன்று எண்ணுக்கு ஏறத்தாழ ஒரு மில்லி விநாடி. காலும் இரண்டு கைகளும் ஒன்றாக விழுந்தாலும் தகவல்கள் வரிசையில் நின்று ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போகும். மூன்றும் போய்ச்சேர மூன்று மில்லி விநாடிக்குள் ஆகும். காது அதை ஒரே அடியாகவே கேட்கும்; மென்பொருளும் ஒரே இடத்தில் அடுக்கி எழுதும். இன்றைய யூஎஸ்பி இணைப்பில் காத்திருப்பு இன்னும் குறைவு.

1991-இல் முடிவான அட்டவணை

1983 ஜனவரியில் அமெரிக்காவின் அனஹைமில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நிறுவனத்தின் புராஃபெட் 600, ரோலண்ட் நிறுவனத்தின் ஜூபிட்டர் 6 என்ற இரண்டு சிந்தசைசர்களை மிடிக் கம்பியால் இணைத்துக் காட்டினார்கள். ஒன்றில் வாசித்தது மற்றதில் ஒலித்தது. போட்டி நிறுவனங்களின் கருவிகள் ஒரே மொழியில் பேசிய நாள் அது. இதற்கு முன்நின்ற டேவ் ஸ்மித், இக்குதாரோ ககேஹாஷி இருவருக்கும் 2013-இல் தொழில்நுட்ப கிராமி விருது கிடைத்தது.

அந்த மொழியை வகுத்தவர்கள் கீபோர்டு செய்கிறவர்கள். அதனால்தான் எல்லாவற்றுக்கும் கட்டை எண். முரசுகள் பின்னால் வந்து அந்த எண்களில் குடியேறின. எந்த முரசு எந்த எண்ணில் என்பதற்கு முதலில் பொதுவிதி இல்லை. ஒரு கருவியில் ஸ்னேராக இருந்த எண் இன்னொன்றில் வேறெதுவாகவும் இருக்கலாம். 1991-இல் வந்த ஜெனரல் மிடி என்ற ஒப்பந்தம் அதை ஒழுங்கு செய்தது. பத்தாம் வழித்தடம் தாள வாத்தியங்களுக்கு. 35 முதல் 81 வரை 47 ஒலிகள்.

அந்த அட்டவணையைக் கீபோர்டில் வைத்துப் பாருங்கள். 61 கட்டைகள் கொண்ட கீபோர்டில் இடது கோடிக் கட்டை 36. அதுவே பேஸ் டிரம். அடுத்த வெள்ளைக் கட்டை 38, ஸ்னேர். அதற்கு மேலே மூன்று கறுப்புக் கட்டைகள் சேர்ந்து நிற்கும்: 42, 44, 46. மூடிய ஹைஹாட், கால்மிதியால் மூடும் ஹைஹாட், திறந்த ஹைஹாட். ஒரே வாத்தியத்தின் மூன்று நிலைகள் ஒரே கறுப்புக் கூட்டத்தில் இருக்கின்றன. திறந்ததை அடித்த உடனே மூடியதை அடித்தால், நிஜத் தட்டில் நடப்பதுபோல முந்தைய ஒலி அறுந்துவிடும். அவற்றைச் சுற்றியுள்ள வெள்ளைக் கட்டைகளில் 41, 43, 45, 47, 48, 50 என்று டாம்கள் ஆழத்திலிருந்து மேல்நோக்கி ஏறுகின்றன. 49 கிராஷ் தட்டு, 51 ரைடு தட்டு. பல வீட்டுக் கீபோர்டுகளில் கட்டைகளுக்கு மேலே முரசும் தட்டுமாகச் சின்னச் சின்னப் படங்கள் அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை சொல்வதும் இப்படியொரு அட்டவணையைத்தான்.

இங்கே அடிக்கடி நேரும் பிழை ஒன்று உண்டு. 25 கட்டைகள் கொண்ட சிறிய கீபோர்டு பெரும்பாலும் 48-இல் தொடங்கும். ஸ்தாயிப் பொத்தானை ஒருமுறை கீழே தள்ளாவிட்டால் எல்லா எண்ணிலும் 12 கூடிவிடும். பேஸ் டிரம் 36 என்று நினைத்து அடித்தது 48 ஆகி டாமாக விழும். ஸ்னேர் 50 ஆகி உயர்ந்த டாம். ஹைஹாட் 54 ஆகி டாம்பரின். தாளில் டாம்களும் டாம்பரினுமாக வந்தால் கம்பியைக் கழற்றி மாட்ட வேண்டாம், ஸ்தாயிப் பொத்தானைப் பாருங்கள். இன்னொரு குழப்பம் பெயரில்: 60-ஐ ரோலண்ட் சி 4 என்கிறது, யமஹா சி 3 என்கிறது. பெயரை விட்டு எண்ணைப் பிடித்துக்கொள்வது நல்லது.

தாளில் இருப்பது வாத்தியத்தின் வரைபடம்

டிரம்ஸ் வரிசையின் தொடக்கத்தில் பியானோத் தாளில் இருக்கும் சுழிக்குறி இருக்காது. பெரும்பாலும் தடித்த இரண்டு செங்குத்துக் கோடுகள் நிற்கும். இந்த வரிசையின் ஐந்து கோடுகள் சுருதியைச் சொல்லவில்லை என்பதே அதன் பொருள். அவை வாத்தியத்தின் அமைப்பைக் காட்டுகின்றன. காலடியில் இருக்கும் பேஸ் டிரம் கீழே. இடுப்பளவில் இருக்கும் ஸ்னேர் நடுவில். தலைமட்டத்தில் தொங்கும் தட்டுகள் மேலே. தோல் வாத்தியத்துக்கு உருண்டைப் புள்ளி, உலோகத் தட்டுக்குப் பெருக்கல் குறி. இந்த இடங்களைச் சீர்செய்து நார்மன் வைன்பெர்க் எழுதிய வழிகாட்டியை 1998-இல் பெர்கஸிவ் ஆர்ட்ஸ் சொசைட்டி வெளியிட்டது. இன்றும் பதிப்பகத்துக்குப் பதிப்பகம் சில இடங்கள் மாறும். பேஸ் டிரமும் ஸ்னேரும் மட்டும் பெரும்பாலும் அசைவதில்லை.

மென்பொருளின் அட்டவணை இந்தத் தாள் முகவரியை மிடி எண்ணோடு கட்டுகிறது. இலவசமாகக் கிடைக்கும் மியூஸ்ஸ்கோரில் அந்த அட்டவணையைத் திறந்து பார்க்கலாம். ஒவ்வோர் எண்ணுக்கும் வாத்தியத்தின் பெயர், புள்ளியின் வடிவம், எந்தக் கோடு, காம்பு மேலா கீழா, எந்த அடுக்கு என்று வரிசையாக இருக்கும். 38-ஐ அழுத்தினால் அந்த வரியைப் படித்துத்தான் மென்பொருள் மூன்றாம் இடைவெளியில் உருண்டைப் புள்ளி வைக்கிறது.

சிபேலியஸ், டோரிகோ என்ற நோட்டேஷன் மென்பொருள்கள் இரண்டு வழி தருகின்றன. கட்டையை ஒலியின் எண்ணாக எடுத்துக்கொள்வது ஒன்று. தாளில் உள்ள இடமாக எடுத்துக்கொள்வது மற்றொன்று. இரண்டாம் வழியைத் தேர்ந்தால் விசில் கேட்டு விழித்த நம் மாணவருக்கு ஸ்னேரே கிடைக்கும். ஆனால் அந்த வழியில் ஒரு சிக்கல்: மூடிய ஹைஹாட்டும் திறந்த ஹைஹாட்டும் ஒரே இடத்தில் எழுதப்படுகின்றன, திறந்ததற்கு மேலே சிறு வட்டம் ஒன்றுதான் வேறுபாடு. இடத்தை மட்டும் சொன்னால் எது என்று தெரியாது. எண்ணைச் சொன்னால் தெரியும்.

ஒரு பார் எழுதிப் பார்ப்போம்

மைக்கேல் ஜாக்சனின் 1982 ஆல்பமான ‘திரில்லர்’-இல் உள்ள ‘பில்லி ஜீன்’ பாட்டின் தாளம் டிரம்ஸ் கற்கும் பிள்ளைகளுக்கு ஆரம்பத்திலேயே கிடைக்கும் பாடம். வாசித்தவர் லியான் சான்ஸ்லர். நாலு அடி கொண்ட பார். ஒவ்வோர் அடியிலும் ஹைஹாட் இரண்டு முறை. ஒன்றிலும் மூன்றிலும் பேஸ் டிரம். இரண்டிலும் நான்கிலும் ஸ்னேர். மொத்தம் 12 புள்ளிகள்.

ஒவ்வொரு படியாக எழுதும் முறையில் ஒரு கை கணினியிலும் மறு கை கீபோர்டிலும் இருக்கும். மியூஸ்ஸ்கோரில் கணினியின் 4-ஐத் தட்டினால் அரை அடி நீளம். இனி நீளத்தைத் தொட வேண்டாம். கட்டைகளை மட்டும் அழுத்துங்கள்: 36-உம் 42-உம் சேர்த்து, 42 மட்டும், 38-உம் 42-உம் சேர்த்து, 42 மட்டும். இதையே இன்னொரு முறை. எட்டு அழுத்தலில் பார் முடிந்தது. கையின் மூன்று விரல்கள் நடு ஸ்தாயியில் ஒரு சுரக்கூட்டைப் பிடிப்பதுபோல இடதுகோடியில் நிற்கின்றன. சுட்டியை எடுத்துப் பன்னிரண்டு இடத்தில் சொடுக்குவதைவிட எவ்வளவு இலகு என்பது ஒரு பக்கம் எழுதியவருக்குத் தெரியும்.

இப்போது ஒரு கேள்வி. பேஸ் டிரம் அரை அடி நீளம்தானா? பியானோவில் புள்ளியின் நீளம் ஒலியின் நீளம். முரசு அப்படியல்ல. அடித்த கணத்திலேயே ஒலி தேயத் தொடங்கிவிடும். கட்டையிலிருந்து விரலை எடுத்ததைப் பெரும்பாலான டிரம் ஒலிகள் பொருட்படுத்துவதே இல்லை. ஆகவே டிரம்ஸ் தாளில் நீளம் என்பது அடுத்த அடிவரை உள்ள தூரம்தான். அதை எப்படி எழுதினாலும் ஒலி ஒன்றே. படிப்பவர் கண்ணுக்கு எது தெளிவு என்பதே முடிவு செய்யும்.

இங்கேதான் அடுக்குகள் வருகின்றன. கைகள் வாசிப்பதை மேல்நோக்கிய காம்போடு ஓர் அடுக்கிலும், கால்கள் வாசிப்பதைக் கீழ்நோக்கிய காம்போடு இன்னோர் அடுக்கிலும் எழுதலாம். இப்படி எழுதினால் உடம்பு இரண்டாகப் பிரிந்து தெரியும்; கால் மட்டும் என்ன செய்கிறது என்று தொடர்ந்து படிக்கலாம். ஆனால் கால் சும்மா இருக்கும் இடமெல்லாம் ஓய்வுக்குறிகள் குவியும். கையும் காலும் இறுக்கமாகப் பின்னி வாசிக்கும் தாளத்தில் எல்லாவற்றையும் ஒரே காம்பில் கோத்தால் அது இன்னும் தெளிவாக இருக்கும். இரண்டும் புழக்கத்தில் உள்ளவை. இரண்டு அடுக்கு என்று முடிவானால் முதலில் கைகளைப் பாட்டு முழுவதும் எழுதிவிட்டு, திரும்ப வந்து கால்களை எழுதுங்கள். பார் தோறும் அடுக்கு மாற்றிக்கொண்டிருந்தால் கையும் சலிக்கும், பிழையும் கூடும்.

வாசித்தே எழுதும்போது

பொறுமை இல்லாதவர், தாளக்கட்டை ஓடவிட்டு அதனுடன் வாசித்து, மென்பொருளே எழுதட்டும் என்று விடலாம். அப்போது மென்பொருள் ஒவ்வோர் அடியையும் அருகிலுள்ள கட்டத்துக்குத் தள்ளி வைக்கும். அந்தத் தள்ளலில்தான் ஆபத்து.

நிமிடத்துக்கு 120 அடி என்றால் ஓர் அடி 500 மில்லி விநாடி. அதைச் சதுஸ்ரமாக நான்காகப் பிரித்தால் இரண்டாவது தட்டு 125-இல் விழும். திஸ்ரமாக மூன்றாகப் பிரித்தால் ஏறத்தாழ 167-இல் விழும். நடுப்புள்ளி 146. உங்கள் அடி 140-இல் விழுந்தால் மென்பொருள் சதுஸ்ரம் என்று எழுதும்; 150-இல் விழுந்தால் திஸ்ரம் என்று எழுதும். பத்து மில்லி விநாடியில் நடையே மாறிவிடுகிறது. நல்ல வித்வானின் அடியும் அச்சாகக் கட்டத்தில் விழாது. சற்று முந்தியும் பிந்தியும் விழுவதில்தான் தாளத்துக்கு உயிர். போதாததற்குக் கணினியின் தாமதம் வேறு. ஒலியை 512 மாதிரிகள் கொண்ட கட்டாகச் சேர்த்து, விநாடிக்கு 44,100 மாதிரிகள் வேகத்தில் ஒலிக்கும் கணினியில் அந்தக் கட்டு ஒன்றுக்கே 11.6 மில்லி விநாடி. உங்கள் அடியைக் காதால் கேட்டு அதற்கேற்பக் கையை முன்தள்ளினால் பதிவும் நகரும்.

பாட்டில் திஸ்ரம் இல்லை என்று தெரிந்தால் மென்பொருளின் அமைப்பில் அதை முதலிலேயே அணைத்துவிடுங்கள். வேகத்தையும் பாதியாக்குங்கள், நிமிடத்துக்கு 60 அடியில் 125-உக்கும் 167-உக்கும் இடையே இருந்த 42 மில்லி விநாடி 83 ஆகும். பிழைக்கு அவ்வளவு இடம் கிடைக்கும். எனக்கு டிரம்ஸ் எழுத ஒவ்வொரு படியாக எழுதும் முறையே பிடித்திருக்கிறது. மெதுவாக எழுதும்போது தாளத்தை உள்ளே கேட்க வேண்டியிருக்கிறது. அந்தக் கேட்டலே பாதிப் பயிற்சி.

எண்ணில் அடங்காதவை

ஜேம்ஸ் பிரவுன் குழுவின் ‘ஃபங்கி டிரம்மர்’ 1969-இல் பதிவானது. அதில் கிளைடு ஸ்டபிள்ஃபீல்டு வாசித்த தாளத்தைப் பின்னாளில் ஹிப் ஹாப் கலைஞர்கள் எத்தனையோ பாட்டுகளில் எடுத்தாண்டார்கள். உரத்த ஸ்னேர் அடிகளுக்கு நடுவே, குச்சி தோலைத் தடவுவதுபோலக் காதுக்கு எட்டியும் எட்டாமலும் சின்ன அடிகள். அவற்றை கோஸ்ட் நோட்ஸ் என்பார்கள். அந்தத் தாளத்தின் துள்ளல் அவற்றில்தான் இருக்கிறது.

மிடியில் அந்தச் சின்ன அடி 38, 25 என்று வரலாம். உரத்த அடி 38, 115 என்று வரலாம். முரசு ஒன்று, வேகம் வேறு. ஒவ்வொரு படியாக எழுதும்போது நோட்டேஷன் மென்பொருள் பொதுவாக அந்த வேகத்தைத் தாளில் காட்டாது. எல்லாப் புள்ளியும் ஒரே அளவில் நிற்கும். சின்ன அடிக்கு அடைப்புக்குறி போடுவதும், உரத்த அடிக்கு அழுத்தக்குறி போடுவதும் எழுதுகிறவர் வேலை. எந்தக் கை அடித்தது, ஸ்னேருக்கு முன்னால் ஒட்டிவந்த சிற்றடி தனி அடியா அலங்காரமா, உருட்டு எங்கே முடிகிறது, எதையும் மூன்று எண்கள் சொல்லாது. கட்டை எதைத் தொட்டீர்கள் என்று சொல்லும், ஏன் தொட்டீர்கள் என்று சொல்லாது.

நம் அட்டவணை

ஜெனரல் மிடியின் 47 ஒலிகளில் மிருதங்கம் இல்லை, தவில் இல்லை, பறை இல்லை. ஆனால் அட்டவணையை மாற்றலாம் என்பதை மறந்துவிடக் கூடாது. மியூஸ்ஸ்கோரிலோ டோரிகோவிலோ புதிதாக ஒரு தாள வாத்தியத்தை வரையறுத்து, தா, தீ, தொம், நம் என்ற சொற்களுக்கு ஆளுக்கொரு எண்ணும் கோடும் புள்ளி வடிவும் கொடுக்க முடியும். ஒலிக்கு ஏற்ற மாதிரிகள் வேறாகத் தேவைப்படும். எழுத்துக்கு இதுவே போதும்.

நமக்கு இதில் புதிது ஒன்றுமில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. தாளத்தை எழுத நம்மவர்கள் சொற்கட்டைப் பிடித்தார்கள். ‘தொம்’ என்பது அடியின் பெயர். எந்தக் கை, தோலின் எந்த இடம் என்று வித்வானுக்கு அது சொல்லிவிடும். ஐந்து கோட்டுத் தாளில் ஸ்னேர் நிற்கும் மூன்றாம் இடைவெளியும் அதே வேலையைத்தான் செய்கிறது. இரண்டும் சுருதியை விட்டுவிட்டுச் செயலை எழுதுகின்றன.

36-ஐப் பேஸ் டிரம் ஆக்கியது இயற்கை விதி அல்ல, மனிதர்கள் கூடிச் செய்த ஒப்பந்தம். அதனால் அடுத்தமுறை கீபோர்டை இணைத்ததும் ஒரு நிமிடம் அட்டவணையைத் திறந்து பாருங்கள். இடதுகோடிக் கட்டையைத் தட்டி எங்கே விழுகிறது என்று பாருங்கள். அப்புறம் எழுதுங்கள். எழுதி அச்சிட்ட தாளை நாளை ஒரு பெண் தன் டிரம்ஸ் முன்னால் வைத்துக்கொண்டு உட்காருவாள். 38 என்ற எண்ணும் வழித்தடமும் அவளுக்குத் தெரிய வேண்டியதில்லை. மூன்றாம் இடைவெளியில் அடைப்புக்குறிக்குள் ஒரு புள்ளியைக் காண்பாள். அவள் கை தானாகத் தணியும்.